தையல் ரூமில் பெரியப்பா

எங்கள் வீட்டில் ஒரே அறைதான் பகலில் தையல் ரூம், ராத்திரியில் கெஸ்ட் ரூம். தீபாவளிக்கு 16 ஜாக்கெட் வெட்டிப் பரப்பியிருக்கும் நேரம் பார்த்துத்தான் பெரியப்பா பல் டாக்டரைப் பார்க்க ஊரிலிருந்து வருவார்.

ஐசக் சிங்கர் 1851-இல் அமெரிக்காவில் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்மேல் ஈர வேட்டி காயப்போடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பெரியப்பாவுக்குத் தோன்றியது.

அவர் படுக்கும் முன் பாயின்மேல் காந்தத்தை நாலு தரம் இழுத்தேன். 11 குண்டூசியும், போன பொங்கலுக்குத் தொலைந்த பாபின் கேஸும் அகப்பட்டன. பன்னிரண்டாவது குண்டூசியைப் பெரியப்பாவே கண்டுபிடித்தார், நடுராத்திரியில், உட்காரும் இடத்தில்.

காலையில் காபியோடு போனேன். "தலைகாணி நல்லா மெத்துன்னு இருந்துச்சும்மா" என்றார். நான் தலையணை வைக்கவே இல்லையே! பார்த்தால், கல்யாண வீட்டுப் பட்டு ஜாக்கெட் துணி, லைனிங்கோடு சுருட்டியபடி, நடுவில் எண்ணெய்த் தலை அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குச் சாக்பீஸ் பொடி தூவிக்கொண்டிருந்தபோது பெரியப்பா செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"பல்லை அடுத்த வாரம்தான் பிடுங்கணுமாம். மெஷினை மட்டும் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வையேன்மா, காலை நீட்ட முடியலை."