காங்கயம் சாலையில் வாகன தருமம்: ஓர் ஆராய்ச்சி

செய்யுளில் தோன்றும் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, வாரச் சம்பளம் பட்டுவாடாவாகும் சனிக்கிழமை மாலையில், திருப்பூர்க் காங்கயம் சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிச் செல்பவனுடைய உள்ளத்தில் அவற்றுள் எது மேலோங்கும் என்பதைச் சொல்லாமல் விட்டது, அக்காலத்தில் காரும் சம்பளப் பட்டுவாடாவும் இல்லாமையால் நேர்ந்ததேயன்றி, விஷயம் அற்பமானது என்று அவர் கருதியதால் அன்று. அந்தக் குறையை நிரப்பத் துணிந்த இவ்வாராய்ச்சி, முன்பு தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு கலந்த நல்லூரைக் களமாகவும், அன்றாடம் வீட்டிலிருந்து பனியன் கம்பெனிக்குப் போய்வரும் யாத்திரையில் ஸ்போர்ட்ஸ் கார் சுகமா, மலையேறும் ஜீப் வகை சுகமா என்பதைப் பொருளாகவும் கொண்டது.

காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் இங்கே முறையாகக் கையாளப்பட்டன. காண்டலுக்கு, வேகத்தடை ஒன்றை நேரே நோக்கிய பேக்கரிப் பெஞ்சு. கருதலுக்கு, பள்ளிக்கூடக் கணக்கு. உரைக்கு, அதே பெஞ்சில் டீ குடிக்கும் பெரியவர்கள். இவற்றுள் மூன்றாவது அளவைக்குப் பஞ்சமே இல்லை.

விவகாரம் மோட்டாருக்கு முற்பட்டது. கொங்கு நாட்டில் காங்கயம் காளைகள் இரண்டு விதமான வண்டிகளை இழுத்தன. மேடு பள்ளம் பாராமல் பருத்தி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பது பார வண்டி. ஒருவன் மட்டும் தொற்றிக்கொண்டு பறப்பதற்கு ரேக்ளா. இன்றும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் குறித்து ரேக்ளாப் பந்தயம் நடக்கிறது. ரேக்ளாவில் மூட்டை ஏற்றியவனும் இல்லை, பார வண்டியோடு பந்தயத்துக்கு வந்தவனும் இல்லை. ஒரே வண்டியில் கம்பெனிக்கும் போகவேண்டும், போகிற வழியிலேயே பந்தயத்தையோ பாலைவனத்தையோ பாவனை செய்துகொள்ளவும் வேண்டும் என்ற இரட்டை ஆசை, ஏற்றுமதிப் பணம் வந்த பிறகு உண்டானது. இத்தாலியில் டிராக்டர் செய்து செல்வந்தரான ஃபெருச்சியோ லம்போர்கினி 1963இல் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி தொடங்கியதையும், டிராக்டர் ஓட்டிய குடியானவரின் பேரன் பனியன் கம்பெனி வழியாக ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்து சேர்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு, மண்ணை உழுதவன் பரம்பரைக்குத் தாழ்ந்த வண்டிமேல் ஏன் இத்தனை மோகம் என்பது ஒருவாறு விளங்கும்.

மோகத்துக்கு அண்டை ஊரும் ஒரு காரணம். கோயம்புத்தூரில் கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே வடித்தார். செட்டிபாளையத்தில் 2003இல் அவர் பெயரால் பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அமெரிக்கப் பந்தயத்தில், டயர்த் தகராறால் பெரும்பான்மையோர் விலகிப்போக, ஓடிய ஆறே கார்களுள் அவர் நான்காவதாக வந்தார். போட்டியாளர் விலகி வழிவிட்டால் நம்மவர் முன்னேறுவர் என்னும் அந்த நியதி நல்லூர்ச் சாலைக்கும் பொருந்தும். விலகுகிறவர்தாம் இங்கே யாரும் இல்லை.

இனிக் கருதல் அளவை. நின்ற நிலையிலிருந்து நான்கு விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் கார், அதற்குள் ஏறக்குறைய 55 மீட்டர் ஓடியிருக்கும். அந்த வேகத்திலிருந்து பிரேக் போட்டு நிற்க இன்னுமொரு 40 மீட்டர் போதும். ஆக, ஸ்போர்ட்ஸ் காரின் முழுக் காவியமும், காப்பு முதல் மங்களம் வரை, 100 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ரேக்ளாவுக்குக் கொடுக்கும் குறைந்த தூரத்தில் இது பாதி. ஆகவே இடமில்லாமையைக் குறைகூறுவது கணிதத்துக்கு ஒவ்வாது. அந்த 100 மீட்டருக்குள் துணி ரோல்களைச் சுமந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்றும், பீஸ் கட்டு ஏற்றிய குட்டி யானை ஒன்றும், ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும் கூட்டமும் எப்போதும் இருப்பதுதான் சங்கடம்.

காண்டல் அளவையில் பெற்ற செய்தி இதைவிடச் சுவையானது. வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்கதாய் இருக்கவேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வகுத்த விதி. ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், விதி காப்பாற்றுகிறது. ஆனால் தெருக்காரர்களே ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி எழுப்பிய வேகத்தடைகள் விதிநூலைப் பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. அவற்றின் உயரம், கடைசியாக அங்கே நடந்த விபத்தின்போது தெருவுக்கு வந்த கோபத்தின் உயரம்.

அத்தகைய தடையின் முன்னே ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கிறது. ஓட்டுகிற இளைஞன் கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஹார்ன் அடிக்கும் வேனுக்கு வழிவிட்டு, ஸ்டியரிங்கை இடதுபுறம் ஒடித்து, வண்டியைக் குறுக்குச்சாய்வாகக் கொண்டுவருகிறான். முன்சக்கரம் ஒன்று ஏறுகிறது, மற்றொன்று யோசிக்கிறது. சாலை முழுவதையும் ஒரே கார் அடைத்துக்கொள்ள, எதிரே வந்த எக்ஸ்.எல். காரர் காலை ஊன்றி நின்று, ரசிகராகிவிடுகிறார். பேக்கரிப் பெரியவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து வண்டியின் அடியில் பார்க்கிறார்.

"பாத்துச் சொல்லுங்கய்யா, அடி தட்டுதுங்களா?"

"இன்னும் ரெண்டு விரக்கடை இருக்குதுங்க தம்பி. தைரியமா ஏத்துங்க."

ஏற்றினான். தட்டிற்று. ஆனால் லேசாகத்தான் தட்டிற்று. அவன் முகத்தில் அச்சம் நீங்கி உவகை பிறந்ததைச் சாலையின் இருபுறத்தாரும் கண்டனர்.

அந்தக் காட்சி முடிந்ததும் தார் என்னும் ஜீப் ஒன்று வந்தது. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்றுத் தொழில் வளர்த்த மகீந்திராவின் பரம்பரையில் தோன்றி, 2020இல் புதுப்பிறவி எடுத்த இந்த வாகனம், தரைக்கு மேல் 226 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது. 650 மில்லிமீட்டர் ஆழ நீரில் இறங்கி வரும் என்று செய்தவர்கள் உறுதி கூறுவது. ஷிப்மென்ட் தேதியைப் பற்றி யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டு வந்த அதன் சொந்தக்காரர், வேகத்தடையின்மேல் பிரேக்கைத் தொடாமலே போய்விட்டார். தாம் கடந்தது இன்னதென்று அவர் அறிந்ததாகவும் தெரியவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்ச்சும் அந்தச் சிறு லீவர் புத்தம் புதிதாகப் பளபளத்தது. கல்யாண மண்டபத்தின் முன்னே, முகூர்த்த நாளில் வேறு இடம் கிடைக்காமல், ஜல்லிக் குவியலின்மேல் ஏற்றி நிறுத்தியபோது அது ஒருமுறை தன் ஜன்ம சாபல்யம் அடைந்ததாகப் பெஞ்சுவாசிகள் கூறுகிறார்கள்.

இங்கேதான் இவ்வாராய்ச்சியின் பிரதான சித்தாந்தம் வெளிப்படுகிறது. மலைவழியில் ஜீப் ஓட்டுவோர் கைக்கொள்ளும் முறைகள் யாவை? நின்று நிலத்தை ஆராய்தல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பாதை தேர்தல், வெளியே ஒருவரை நிறுத்தி வழி கேட்டல், ஊர்ந்து ஏறுதல். நல்லூரில் இவற்றையெல்லாம் வழுவாமல் அனுஷ்டிப்பவன் ஸ்போர்ட்ஸ் கார்க்காரன். பந்தயக்காரனின் தருமமோ, தயங்காமல் முன்னே செல்பவரைக் கடந்து போவது. அதை அனுஷ்டிப்பவர் தார்க்காரர். இரண்டு வாகனங்களும் காங்கயம் சாலையில் தத்தம் சுதருமத்தைப் பண்டமாற்றுச் செய்துகொண்டுவிட்டன. இதை அறியாமல் வேகத்துக்கென்று ஸ்போர்ட்ஸ் காரும், சாகசத்துக்கென்று ஜீப்பும் வாங்குகிறவர்கள், விலைப்பட்டியலை மட்டும் படித்தவர்கள்.

'அப்படியாயின் சுகம் எதில்?' என்பான் பூர்வபட்சி. உயர இருந்து பிறரைக் குனிந்து பார்ப்பதில் பிறக்கும் பெருமிதம் ஒரு சுகமே என்பதை மறுக்கவில்லை. ஆனால் தெருவுக்கொரு தார் நிற்கும் நாளில், தார்க்காரர் குனிந்து பார்த்தால் பக்கத்துத் தார்க்காரரின் கண்தான் தெரிகிறது. ஜீப் சாலையை அழித்துவிடுகிறது. அதில் போகிறவனுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய இடம்கூட ஒரு சிறு அசைவோடு சரி. தாழ்ந்த காருக்கோ ஒவ்வொரு சாணும் ஒரு சம்பவம். கம்பெனிக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் உயிர்ப்போடு இருக்கவேண்டும் என்று விரும்புகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரே உத்தமம் என்று தீர்ப்பளிக்கிறேன். ஐப்பசி மழைக்கு ஊத்துக்குளி ரோட்டு ஒற்றைக்கண் பாலத்தடியில் தண்ணீர் தேங்கும் சில நாட்கள் மட்டும் இத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்படும்.

ஒரு பிரச்சினை மட்டும் எந்த அளவைக்கும் அகப்படாமல் எஞ்சியது. இரண்டு வாகனங்களும் நிற்கும் வீடொன்றில், முழங்கால் வலியுள்ள தாயாரைப் பிரதோஷத்துக்கு ஈசுவரன் கோயிலுக்கு அழைத்துப்போகவேண்டும். தாரில் ஏறப் புடவை இடங்கொடாது; பின்னிருக்கைக்கு முன்னிருக்கையை மடக்கித்தான் போகமுடியும். ஸ்போர்ட்ஸ் காரிலோ உட்காருவது எளிது, பூமியின் ஈர்ப்பே பார்த்துக்கொள்ளும். எழுப்புவதற்குத்தான் கோயில் வாசலில் இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகள் இருவரும் தத்தம் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் வாதாடிக்கொண்டிருக்கையில், அம்மையார் தெருமுனையில் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, கோயிலுக்கு எவ்வளவு என்று விசாரித்து, பத்து ரூபாய் குறைத்துப் பேசி ஏறிப் போய்விட்டார்.