நகம் இறங்கினால் நல்ல டயர்

ஏரியூரில் பனி கொட்டுவதில்லை. மார்கழி விடியலில் மேட்டூர் நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து கொஞ்சம் மூடுபனி வந்து எட்டிப் பார்க்கும். வெயில் ஏறினால் கிளம்பிவிடும். தருமபுரி மாவட்டத்தின் இந்த ஊரில் கார் வழுக்க வேண்டுமென்றால் மழை பெய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தார்ச்சாலையில் யாராவது கொள்ளுச்செடியைப் பரப்பியிருக்க வேண்டும். போகிற வண்டியெல்லாம் ஏறிப் போனால் அடிக்கிற கூலி மிச்சமல்லவா? அந்தச் செடி மேல் திடுமெனப் பிரேக் போட்டவருக்கு டயரின் பிடிப்பு பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஏரியூர்க்காரர் பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்கு வந்து, நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஸ்ரீநகர் வந்துவிடும். தருமபுரிப் பக்கம் 7 என்றும் காஷ்மீரில் 1ஏ என்றும் இருந்த தேசிய நெடுஞ்சாலைகள், 2010இல் எண்களை மாற்றியபோது 44 என்ற ஒரே எண்ணுக்குள் வந்துவிட்டன. இறக்கத்தில் நியூட்ரலில் வரும் லாரிகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயும், பனிக்காலத்தில் வண்டிகள் நாள்கணக்கில் நிற்கும் பனிஹாலும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன.

அந்த ரோட்டில் ஆப்பிள் ஏற்றப் போய்வந்த லாரி டிரைவர் ஒருவர் ஏரியூரில் உண்டு. ஊருக்கே அவர் டிரைவர் மாமா. பனிஹாலில் 8.5 கிலோமீட்டர் நீளப் புதுச் சுரங்கம் 2021இல் திறப்பதற்கு முந்தைய ஆள். 1956இல் திறந்த ஜவாஹர் சுரங்கத்தின் வாசலில் வரிசையில் நின்று, பின் டயருக்குச் சங்கிலி கட்டிப் பழகியவர். டயரைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றளவு சொல்வார். பழைய டயர் வாங்குபவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். டயரின் மேலே வெட்டியிருக்கும் பட்டன் எவ்வளவு ஆழம் என்றுதான் ஊரே குனிந்து பார்க்கும். அவர் மட்டும் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவார். நகம் இறங்கவில்லை என்றால், “ரப்பர் செத்துப்போச்சு, எந்திரிங்க” என்று கிளம்பிவிடுவார். பட்டன் முழுசாக இருந்தாலும் சரி, கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நவம்பரில் டொரோண்டோவின் ஸ்கார்பரோவில், மகள் வீட்டு வாசலில், குரங்குக் குல்லாயும் மருமகனின் பழைய கோட்டுமாக நின்றுகொண்டிருந்தார். மருமகன் கணினித் துறை. டயர் வாங்குவதற்கு எக்செல் ஷீட் போட்டிருந்தார். விலை, தேய்மானம், சத்தம், பனியில் பிடிப்பு, ஐஸில் பிடிப்பு என்று நெடுக்குப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பெண் பார்த்தபோதுகூட மாப்பிள்ளை இவ்வளவு விசாரித்ததாக மாமாவுக்கு நினைவில்லை.

“மாப்ள, இருக்கிற டயர்ல பட்டன் கிண்ணுனு இருக்கு. எதுக்கு மாத்தறீங்க?”

“இது ஆல் சீசன் டயர் மாமா. இந்த ஊர்க் குளிருக்கு ஆகாது.”

மாமா குனிந்து நகத்தை அழுத்தினார். இறங்கவில்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று மருமகன் சத்தியம் செய்தார். மாமாவின் தொழில் வாழ்க்கையில் ஒரு வயதில் செத்த டயரைப் பார்த்ததே கிடையாது.

டயர் சாகவில்லை, விறைத்திருந்தது. சாதாரண டயரின் ரப்பர் கலவை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். சூடாக இருக்கும்வரை கைக்கு வளைந்து கொடுக்கிற கேழ்வரகுக் களி, ஆறினால் கட்டி தட்டிவிடுமே, அதே கதை. சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கி உட்கார்ந்தால்தான் பிடிப்பு. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதலாகச் சேர்த்துக் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்கிறார்கள். அதனால்தான் பனியே விழாத, வெறும் குளிர் நாளிலும் அது பிரேக்குக்குக் கட்டுப்படுகிறது. ஏரியூர்க் கட்டைவிரல் கண்டுபிடித்து வைத்திருந்ததும் இந்த விஞ்ஞானம்தான். இதற்கு ஆய்வுக்கூடம் கட்டியவர்கள் பின்லாந்துக்காரர்கள். நோக்கியா என்ற ஊரின் ரப்பர் ஆலை (பின்னாளில் செல்போனால் உலகறிந்த அதே நோக்கியா) 1934இல் லாரிகளுக்கு உலகின் முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கும் வந்துவிட்டது. லாரிக்காரனுக்குத்தான் முதல் மரியாதை என்று மருமகன் சொல்லக் கேட்டதும் மாமா நிமிர்ந்து நின்றார்.

டயர் வாங்கப் போன கடை யாழ்ப்பாணத்துக்காரருடையது. முதல் பனி விழுந்த மறுநாளாதலால் வாசலில் கார்கள் வளைந்து நின்றன. அக்டோபரிலேயே வந்திருந்தால் கடைக்காரர் ஈயோட்டிக்கொண்டு இருந்திருப்பார். பனியைக் கண்ணால் பார்த்தால்தான் மனிதருக்குக் குளிர்காலம் வந்தது தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் துணி எடுக்கும் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை என்பதில் ஒரு திருப்தி.

மாமா சிக்கனத்தில் தொடங்கினார். “முன் சக்கரம்தானுங்களே இழுக்குது? முன்னாடி ரெண்டு மட்டும் போட்டாப் போதாதா?”

“போடலாம் ஐயா. பிரேக் பிடிக்கேக்க பின்பக்கம் சுத்தி முன்னுக்கு வந்து உங்களையே பாக்கும். நாலு ரயரும்தான் மாத்த வேணும்.”

இது வியாபாரப் பேச்சல்ல. முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலுமாக ஒரு காரை வளைவில் திருப்பினால் வால் விலகி வண்டி சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர் மட்டுமே. கணக்குப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு சுமார் 0.7; மணிக்கு 50 கிலோமீட்டரில் பிரேக் போட்டால் 14 மீட்டரில் வண்டி நின்றுவிடும். வழுக்கும் பனிக்கட்டியில் கெழு 0.1க்கு இறங்கிவிட்டால் அதே வண்டி ஏறக்குறைய 100 மீட்டர் ஓடித்தான் நிற்கும், நடுவில் வேறு எதுவும் நிறுத்தாதிருந்தால். நல்ல டயர் இந்தத் தூரத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. கடைக்காரர்கள் இரண்டாவது பாதியைச் சற்று மெதுவாகச் சொல்வார்கள்.

மாமா அடுத்துச் சங்கிலி கேட்டார். பனிஹால் அனுபவம் விடவில்லை. குல்மார்க்குக்குக் கீழே தங்மார்க்கில் இன்றும் பனிநாளில் சங்கிலி இல்லாத வண்டியை மேலே விடுவதில்லை என்று ஆதாரமும் காட்டினார். “இஞ்ச உடன உப்புப் போட்டு வழிச்சிடுவாங்கள் ஐயா. வெறுந்தாரில சங்கிலியோட ஓடினா சங்கிலியும் போம், ரயரும் போம்.” சரி, ஆணி பதித்த டயர்? அது வட ஒண்டாரியோவில் மட்டும்தான். டொரோண்டோவில் போட்டால் போலீஸ் பிடிக்கும்.

மருமகனோ பட்டன் அழகில் மயங்கிக் கிடந்தார். எக்செல் ஷீட்டில் முதலிடம் பிடித்திருந்தது அகலமான, மேடு மேடாகப் பட்டன் வைத்த ஒரு டயர். பக்கவாட்டில் எம், எஸ் என்ற எழுத்துகளும் இருந்தன. சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம். அந்த எழுத்துகளுக்குப் பட்டன் அமைப்பு இப்படி இருந்தால் போதும், பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னத்தை. அது 1999இல் வந்தது. பனியில் சோதித்துக் குறிப்பிட்ட பிடிப்பு இருந்தால்தான் கிடைக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். அங்கே சட்டம் தேடுவதும் இந்த மலையைத்தான். ஒண்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் போட்டிருந்தால் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி. தள்ளுபடி என்ற சொல்லுக்குப் பிறகு வீட்டில் இதுபற்றி விவாதம் நடக்கவில்லை.

அகலமும் வீண். கொட்டிக் கிடக்கும் பனியில் ஒல்லியான டயர் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும்; அகலமானது மேலேறி மிதக்கப் பார்க்கும். பட்டனில் நுணுக்கமாகப் போட்டிருக்கும் கீறல்கள்தான் வேலைக்காரர்கள். அவற்றிலும் பள்ளங்களிலும் பனி அப்பிக்கொள்ளும். பனி பனியோடு ஒட்டும். அதனால் வண்டி நிற்கும். டயரில் பனி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும் என்று மாமா காலைத் தூக்கியபோது மகள் தடுத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவை யாரும் ஏமாற்ற முடியவில்லை. கடைக்காரர் உருட்டிவந்த நான்கையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பக்கச் சுவரில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். 3523 என்றால் 2023இன் 35ஆவது வாரம். ஏரியூர் ஆனாலும் ஸ்கார்பரோ ஆனாலும் இந்த எழுத்து ஒன்றுதான். மூன்று ஒரே வாரத்துச் சரக்கு. நான்காவது மட்டும் நான்கு வருடப் பழசு. மாமா ஒன்றும் சொல்லாமல் அதை மட்டும் ஓரமாக உருட்டி வைத்தார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். “ஐயா ஊரில என்ன செய்தனியள்?”

“லோடு வண்டிங்க.”

அதன்பிறகு அங்கே மருமகனை யாரும் கவனிக்கவில்லை. குளிரில் ஐந்தாறு டிகிரி இறங்கும்போதெல்லாம் டயரில் ஒரு பவுண்டு காற்று குறையும், மாதம் ஒருமுறை பார்க்க வேணும், நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்க வேணும் என்று எல்லாக் கட்டளையும் மாமாவுக்கே வந்தது. எக்செல் ஷீட்டை மருமகன் மூடி வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்பல்லோதான் குளிர்கால டயருக்குப் பேர்பெற்ற டச்சுக் கம்பெனி வ்ரெடஸ்டைனை 2009இல் வாங்கியது என்று அவர் திரட்டி வைத்திருந்த தகவலைக் கேட்க ஆளில்லை.

கழற்றிய நான்கு டயர்களும் சுவரோரம் நின்றன. அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்காக இந்த ஊரில் டயர் ஹோட்டல் உண்டு: ஏப்ரல் வரை பத்திரமாக அடுக்கி வைப்பார்கள், சீசனுக்கு இவ்வளவு என்று வாடகை. மருமகன் கார்டை நீட்டினார். மாமா டாலரை மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்: “சாப்பாடும் சேர்த்துங்களா?”