துடைப்பதற்கென்று ஓர் அடுப்பு

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. புது ஸ்கூட்டர் வாங்கினால் சீட்டின் மேல் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை கிழிந்து தொங்கும் வரை கழற்ற மாட்டார். டிவி ரிமோட்டுக்குச் சட்டை தைத்துப் போடுவார். குடையை மழையில் நனையாமல் காப்பாற்றுவார். பொருள்கள் பயன்படுத்துவதற்காக உண்டானவை என்பதை அவரால் கடைசிவரை ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்தின் உச்சம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் குடியிருக்கும் அண்ணாச்சி. பெயர் வேண்டாம். சொன்னால் அவர் ஒருவர்தான் கோபித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் இலஞ்சியிலும் கடையநல்லூரிலும் வடகரையிலுமாகப் பத்துப் பேர் "என்னத்தான எழுதியிருக்கிய?" என்று வருவார்கள். இருந்தாலும் பத்துப் பேரையே சமாளித்துக்கொள்கிறேன்.

தம்மாமில் இருபத்தாறு வருஷம் ஏசி மெயின்டனன்ஸ். 'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லை அவர் உச்சரிப்பதைக் கேட்க வேண்டும். ஓதுவார் 'திருச்சிற்றம்பலம்' சொல்கிற மாதிரி இருக்கும். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட்டும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவார்கள். அண்ணாச்சி கார்கோவில் ஒரு கேஸ் பார்பிக்யூ அனுப்பிவைத்தார். பெட்டியைப் பிரித்த அன்று தெருவே கூடிவிட்டது. "ஜெனரேட்டரா?" என்றார் ஒருவர். "இட்லிக் கொப்பரைக்குக் கால் மொளச்ச மாதிரில்லா இருக்கு" என்றார் டீக்கடைக்காரர். மூன்று பர்னர், மூன்று நாப், மூடியில் ஒரு வெப்பமானி, நகர்த்தச் சக்கரம். கோழியைச் சுடுவதற்கு இவ்வளவும் வேண்டுமா என்று ஊர் மலைத்து நின்றது.

"கரி அடுப்பு சல்லிசாக் கெடைக்குமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கரி அடுப்புன்னா சாம்பல அள்ளிக் கொட்டினா முடிஞ்சு போச்சு தம்பி. அதுல என்ன வேல இருக்கு?"

அந்த ஒரு பதிலில் ஆள் முழுசாக அகப்பட்டுவிட்டார். அவர் வாங்கியது சமைப்பதற்கான அடுப்பு இல்லை. கழற்றி மாட்டுவதற்கு நிறைய உறுப்புகள் உள்ள ஒரு குடும்ப உறுப்பினரை வாங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை. சாரத்தை மடித்துக் கட்டி, சவூதியிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். முதலில் சோப்புத் தண்ணீர். ரெகுலேட்டர் கழுத்திலும் ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் பிரஷ்ஷால் தடவி, முட்டை விடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். முட்டை வந்தால் கசிவு. ஆறு வருஷத்தில் ஒரு முட்டைகூட வரவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றே நினைக்கிறேன். குழாய்க்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். மாற்றிய தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் பிறந்த தேதியை அவரிடம் கேட்டால் மதினியைத்தான் பார்ப்பார்.

அடுத்தது சிலிண்டரின் கழுத்துப் பட்டை. அதில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச்சோடு, பி என்றால் ஜூனோடு, சி செப்டம்பர், டி டிசம்பர், எண் வருஷம். அதற்குள் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். நல்ல விஷயம்தான், எல்லாரும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் பந்திக்கட்டுக்குப் பின்னால் போய் 19 கிலோ சிலிண்டர்களின் கழுத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பார். பையில் காந்தம் வேறு. சீராக வந்த எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டினால் சம்பந்தி வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். "நிக்கல் சேர்த்த நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது தம்பி" என்று அவர் காதோடு சொன்னது ஒருமுறை பெண்ணின் தாய்மாமன் காதில் விழுந்து, தாலி கட்ட நேரமாகிவிட்டது.

கம்பித்தட்டுக்குத்தான் பெரும் பகுதி நேரம். மூடியை மூடி, தீயைக் கூட்டி, கால் மணி நேரம் வெறுமனே எரியவிட்டால் ஒட்டியதெல்லாம் கருகிச் சாம்பலாகும். சூடு ஆறுமுன் தேய்த்தால் வந்துவிடும். இவர் அடுப்பில் கருக எதுவும் ஒட்டியிருக்காது. அதனால் எரிக்க மாட்டார், ஆனாலும் தேய்ப்பார். முன்னெல்லாம் இரும்புக்கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். அந்தக் கம்பி உதிர்ந்து கறியோடு வயிற்றுக்குள் போய் ஆறு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் எச்சரித்ததை எங்கேயோ படித்துவிட்டார். அன்றோடு பிரஷ் ஒழிந்தது. இப்போது பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறார். இதைப் பெரிய கண்டுபிடிப்பாக எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மதினி காபி டம்ளரோடு வந்தார்.

"இதத்தான எங்க ஆத்தா தோசக்கல்லுல அம்பது வருஷமாப் பண்ணுதா?"

"அது தோசக்கல்லு. இது கிரில்."

"வெங்காயம் ஒண்ணுதான?"

அண்ணாச்சி பதில் சொல்லாமல் மூடியின் உள்பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே கறுப்பாகச் செதில் செதிலாக உரியும். பெயின்ட் உரிகிறது என்று பலரும் பயப்படுவார்கள். எண்ணெய்ப் புகை படிந்து காய்ந்த கரிதான் அது, தாளைக் கசக்கித் தேய்த்தால் போய்விடும். மூன்றே தடவை சமைத்த அடுப்பில் அது எப்படி வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சாம்பிராணியாக இருக்கலாம்.

ஆம், ஆறு வருஷத்தில் மூன்றே தடவை. காரணத்தைக் கேட்டால் அண்ணாச்சி மேற்கே மலையைக் கைகாட்டுவார். ஆனி பிறந்ததும் ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கும். அருவிகளில் தண்ணீர் விழும், தென்காசி வரை சாரல் தெறிக்கும், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று நம் ஞாபகம் வரும். ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சுடச்சுடச் சுட்ட கோழி கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் சாரலில் அடுப்பு நனையலாமா? நனைந்தால் துரு. சரி, திண்ணைக்குள் இழுத்துப் போடலாமென்றால் மூடிய இடத்தில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், கூடவே கூடாது என்று கைப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. வெளியே சாரல், உள்ளே சட்டம். சாரல் நின்ற பிறகு சுடலாம்தான். அப்போது விருந்தாளி இல்லை. இப்படியொரு தர்மசங்கடத்தை ஆறு வருஷமாகக் கட்டிக் காப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ஒருமுறை கம்பித்தட்டை ஐந்தருவிக்கே கொண்டுபோய்விட்டார். தண்ணீர் விழுகிற வேகத்தில் பிடித்தால் வாட்டர் சர்வீஸ் பண்ணின மாதிரி இருக்கும் என்று கணக்கு. அருவிகளில் மனிதனே சோப்புப் போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்திருக்கிற ஊரில், ஒருவர் இரும்புத் தட்டோடு வரிசையில் நின்றால் விசில் ஊதாமல் என்ன செய்வார்கள்?

குரங்கு விவகாரமும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது இதே மேலகரத்தில்தான். அவர் பாடிய குறவஞ்சியில் ஆண் குரங்கு தன் மந்திக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சும். அந்தப் பரம்பரையில் வந்த ஒன்று, நடு பர்னரின் நாபைப் பிடுங்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது. எந்த மந்திக்குக் கொடுத்ததோ தெரியாது, திரும்ப வரவில்லை. அதற்குப் பதில் ஒன்று வாங்கிப் பொருத்த அண்ணாச்சிக்கு மூன்று மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து நாப் மூன்றும் பீரோ லாக்கரில், மதினியின் இரட்டைவடச் சங்கிலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே ஒரு நாள் அவரைக் கூட்டிப்போனேன். மாஸ்டர் கல்லில் தண்ணீரைத் தெளித்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஈர்க்குமாற்றால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அடுத்த வட்டம் பரோட்டா விழுந்துவிட்டது. அண்ணாச்சி சாப்பிடாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனம் இவ்வளவுதானா தொடைக்காவ?"

"தெனம் சுடுதாவல்லா அண்ணாச்சி."

அதற்கும் பதில் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கறியைப் பொருநனுக்குக் கொடுத்துக் கொடுத்து, தின்றவன் பல்லே உழுத கொழுவைப் போல் மழுங்கிப்போனதாக வருகிறது. அந்தக் கம்பியைக் கழுவியது யார் என்று முடத்தாமக்கண்ணியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாச்சி எழுதியிருந்தால் கழுவியது மட்டும்தான் இருந்திருக்கும்.

இந்த ஆடியில் வேறு வழியில்லாமல் போயிற்று. சம்பந்தி வீட்டார் சென்னையிலிருந்து வந்தார்கள். மதினி முந்தின இரவே நாலு கிலோ கோழிக்கு மசாலா தடவிவைத்துவிட்டார். சாரலும் காலையிலிருந்து வெறித்திருந்தது. தப்பிக்க வழியே இல்லை. பீரோ திறந்தது, நாப் வந்தது, உறை அகன்றது. அண்ணாச்சி பற்றவைத்தார். ஓர ஓரமாக இருந்த இரண்டும் நீலமாகப் பிடித்தன. நடு பர்னரோ மஞ்சளாக நாக்கை நீட்டிப் புகைந்தது. காற்றுப் போகிற வழியில் ஏதோ அடைப்பு என்று அர்த்தம். அண்ணாச்சி உடனே எல்லாவற்றையும் மூடி, ஆறவிட்டு, குழலைக் கழற்றி டார்ச் அடித்தார். எனக்குத் தெரிந்து அன்றுதான் அவர் முகத்தில் நிஜமான சந்தோஷத்தைப் பார்த்தேன். கடைசியில் ஒரு ரிப்பேர்!

உள்ளே குளவிக்கூடு. செம்மண் குழைத்து, உருண்டையாக, கொத்தனார் பூசியது போலக் கட்டியிருந்தது. சிலந்தியும் குளவியும் பர்னர் குழலில் குடியேறுவது உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். எவ்வளவுக்கு எவ்வளவு எரிக்காமல் வைக்கிறோமோ அவ்வளவுக்கு அவற்றுக்கு வசதி. ஒவ்வொரு ஞாயிறும் வெளியே பளபளக்கத் துடைத்தவர் குழலுக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கம்பியை எடுத்துக் குத்தப்போனார்.

"தொடாதீய!" என்று மதினி கத்தினார். "வீட்டுல குளவி கூடு கட்டுனா தொட்டில் கட்டுவாவ. மருமவ வந்து ரெண்டு வருஷமாச்சு, தெரியும்லா?"

"இது வீடு இல்ல, பர்னர்."

"பர்னர் யார் வீட்டுல இருக்கு?"

சம்பந்தியம்மாளும் எழுந்துவந்து, கூட்டைக் கலைக்கவே கூடாது என்றார். நிச்சயதார்த்தத்திலிருந்து இன்றுவரை அந்த இரண்டு பெண்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மருமகள் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோழி அடுக்களைக்குப் போயிற்று. மதினி அதைத் தோசைக்கல்லிலேயே நல்லெண்ணெய் விட்டுப் புரட்டிப் புரட்டிச் சுட்டு எடுத்தார். நாலு கிலோவும் அரை மணி நேரத்தில் காலி. பிறகு பாதி வெங்காயத்தை எடுத்துக் கல்லில் நாலு தேய், ஒரு துடை, சுவர் ஓரம் சாய்த்துவைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி ஒரு கோழிக்காலைக் கடித்தபடி அந்தக் கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம், பத்து நிமிஷம்கூட எரியாத அடுப்பை ஒன்றரை மணி நேரம் துடைத்தார்.

நடு பர்னர் அப்படியேதான் இருக்கிறது. குளவி வந்து போகிறது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காபி கிடைக்கும், உறையைத் தூக்கிக் காட்டவும் செய்வார். விரலை மட்டும் வைத்துவிடாதீர்கள், இப்போதுதான் துடைத்திருக்கிறார்.