நின்ற இடத்திலேயே இறங்கும் விலை

ஒரு கார் மணிக்கு 330 கிலோமீட்டர் ஓடும். ஆனால் தன் விலையில் பாதியை இழப்பதற்கு அது ஓடவே வேண்டியதில்லை. ஷெட்டில் போர்வை போர்த்தி நிறுத்தி வைத்தாலே போதும். 2011இல் இங்கிலாந்தின் வோக்கிங் ஊரிலிருந்து மெக்லாரன் எம்பி4-12சி விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,68,500 பவுண்டு. கார்பன் ஃபைபரில் செய்த கூடு, 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சின், 600 குதிரைத்திறன், பக்கவாட்டில் திறக்காமல் மேல்நோக்கி எழும் கதவுகள். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 3.3 விநாடி. இன்று பிரிட்டனின் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதே கார் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. எந்தக் கார்தான் விலை இறங்கவில்லை, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் என்னவென்றால், கிட்டத்தட்ட அதே காலத்தில் வந்த, இதைவிட மெதுவாக ஓடுகிற சில கார்கள் வாங்கிய விலைக்கு மேலேயே கைமாறுகின்றன. பழசானதுதான் குற்றம் என்றால் எல்லாம் ஒன்றாக அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? என் கட்சி இதுதான்: காரில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வேகம் என்றால், அந்தக் காசு திரும்பி வராது. வேகம் என்பது ஓர் எண். எந்த எண்ணுக்கும் அடுத்த எண் ஒன்று உண்டு. அதைத் தயாரிப்பவரும் பெரும்பாலும் உங்களுக்குக் கார் விற்ற அதே ஆள்தான்.

மெக்லாரன் கதையையே பாருங்கள். 12சி வாங்கியவர்கள் அதன் பட்டன்களைப் பழகி முடிப்பதற்குள், 2012இல் அதே கார் 625 குதிரைத்திறனோடு வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அந்தக் கூடுதல் 25ஐ இலவசமாகவே ஏற்றிக் கொடுத்தார்கள்; நல்ல மனசு. 2014 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்கு 650எஸ் வந்தது. 12சி-க்குப் பக்கத்தில் அதுவும் ஒரு மாடலாக இருக்கும் என்றுதான் பேச்சு. அடுத்த மாதமே 12சி தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2015இல் 675எல்டி. அதே ஆண்டு 570எஸ்: அதே எஞ்சின் குடும்பம், அதே மேலெழும் கதவு, விலை மட்டும் குறைவு. 2017இல் 720எஸ். பெயரில் உள்ள எண்தான் குதிரைத்திறன் என்பதால், முன்னால் போகும் கார் எத்தனை தலைமுறை பின்தங்கிவிட்டது என்பதைப் பின்னால் வருகிறவர் சிக்னலில் நின்று படித்தே தெரிந்துகொள்ளலாம். போதாக்குறைக்கு, 2022க்குள் 15 புதிய கார்கள் அல்லது அவற்றின் வகைகள் வரும் என்று 2016இல் ஓர் அறிவிப்பு. 2025க்குள் 18 என்று 2018இல் இன்னோர் அறிவிப்பு. முதலீட்டாளர் காதில் அது தேன். அன்று காலைதான் காசோலையில் கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளர் காதில் அது என்னவாக விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஆரவாரத்துக்கும் பிறகு 720எஸ் நூறைத் தொட எடுப்பது 2.9 விநாடி. வித்தியாசம் 0.4 விநாடி. இமைப்பொழுது என்று நம் பெரியவர்கள் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். அந்த ஓர் இமைப்பை முந்திக்கொள்ள இன்னொருவர் வந்துவிட்டார் என்பதற்காக 12சி உரிமையாளர் எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் தொலைத்திருக்கிறார்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குவார்கள். 'வேகமாவது மண்ணாவது, அந்தக் கார் ஆரம்பத்தில் தொல்லை பிடித்தது; அதனால்தான் விலை விழுந்தது' என்பார்கள். தொல்லை இருந்தது உண்மைதான். முதலில் வந்த 12சி-யின் கதவுக்குக் கைப்பிடியும் கிடையாது, பட்டனும் கிடையாது. கதவின் மடிப்புக்கு அடியில் விரலால் தடவ வேண்டும். சென்சார் உணர்ந்து திறக்கும். உணராவிட்டால் மறுபடி தடவ வேண்டும். ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தவர், ஹோட்டல் வாசலில் நாலு பேர் பார்க்க, தன் சொந்தக் காரைச் சமாதானப்படுத்திக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்! பிற்பாடு மெக்லாரன் அந்த இடத்தில் ஒரு சாதாரணப் பட்டனை வைத்துவிட்டது. மனிதகுலம் பட்டனைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தொல்லைதான் விலையைத் தள்ளியது என்ற வாதம் ஃபெராரி 458 முன்னால் நிற்காது. 2010இல் சில 458 இத்தாலியாக்கள் தீப்பிடித்து எரிந்தன. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் வெப்பத்தடுப்புத் தகட்டை ஒட்டப் பயன்படுத்திய பசை, சூட்டில் பற்றிக்கொண்டதுதான் காரணம். 1,248 கார்களைத் திரும்ப வரவழைத்து, பசையை எடுத்துவிட்டு உலோகப் பிணைப்பு போட்டுத் தந்தார்கள். கதவு திறக்காத கார் ஒருபக்கம், பற்றியெரிந்த கார் ஒருபக்கம். இதில் விலையைக் காப்பாற்றிக்கொண்டது எரிந்த கட்சி.

ஏன் என்று பார்த்தால் விஷயம் எஞ்சினில் இருக்கிறது. 458 வரிசைதான் டர்போ இல்லாத வி8 எஞ்சினை நடுவில் வைத்த ஃபெராரிகளில் கடைசி. அதற்குப் பிறகு 2015இல் வந்த 488 டர்போவோடு வந்தது: 670 குதிரைத்திறன். 458 ஸ்பெசியாலேவுக்கு 605தான். கணக்குப்படி 488 முன்னே நிற்க வேண்டும். சந்தையில் ஸ்பெசியாலேதான் ஏகத்துக்கு எகிறி நிற்கிறது. ஒன்பதாயிரம் சுற்றில் அந்த எஞ்சின் போடும் சத்தத்தை அடுத்த மாடலால் மிஞ்சவே முடியாது. அப்படி ஒரு எஞ்சின் அடுத்த மாடலில் இல்லை, அவ்வளவுதான். கியர் கதையும் இதுவே. ஃபெராரி 599இல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பைத் தட்டி மாற்றும் கியர்தான் நவீனம், அதுதான் வேகம். காலால் கிளட்ச் மிதித்துக் கையால் மாற்றும் கியரோடு சுமார் 30 கார்கள் மட்டும் செய்தார்கள், யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இன்று மெதுவான அந்த முப்பதுக்கும் வேகமான மற்றவற்றுக்கும் இடையில் ஒரு பங்களா விலை வித்தியாசம். துடுப்பைப் பிடுங்கிவிட்டு கிளட்ச் பெடலும் கியர் கம்பியும் பொருத்தித் தருவதையே தொழிலாக நடத்துகிறவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வேகமாக்குவதற்காக ஃபெராரி பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்த காரை மெதுவாக்கித் தருவதற்குக் கூலி, நல்ல கூலி!

மிஞ்ச முடியாதது என்று நம்பியது மிஞ்சப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனைக்கூடம் போல ஒரு வழக்கு உண்டு. 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3-யில் கைக் கியர் கிடையாது. ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2016இல் 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும், கைக் கியரோடு, 500 குதிரைத்திறனோடு வந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே விலை பல மடங்கு ஏறியது. மறு ஆண்டே போர்ஷே புதிய ஜிடி3-க்கும் கைக் கியர் தரலாமே என்று முடிவு செய்தது; அதுவும் அதே 500 குதிரைத்திறன். 911 ஆர் உச்சத்திலிருந்து தடதடவென்று இறங்கியது. அந்த ஓராண்டில் அந்தக் காரில் ஒரு நட்டும் தேயவில்லை. 'இனி கிடைக்காது' என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் தேய்ந்தது.

'அப்படியானால் வேகத்துக்குப் பேர்போன மெக்லாரன் எஃப்1 ஏன் ஏறிக்கொண்டே போகிறது?' என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை படைத்த கார் அது. 2005இல் முதலில் கோனிக்செக் சிசிஆரும் பிறகு புகாட்டி வேரானும் அந்த எண்ணை உடைத்தன. என் வாதப்படி எஃப்1 விலை அன்றே சரிந்திருக்க வேண்டும், சரியவில்லை. சரியாததே என் வாதத்துக்குச் சாட்சி. எஃப்1 வாங்குகிறவர் வாங்குவது 386ஐ அல்ல. மொத்தமே 106 கார்கள், ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில், எஞ்சின் அறைச் சுவரில் தங்கத்தகடு, டர்போ இல்லாத பிஎம்டபிள்யூ வி12. இத்தனைக்கும் முந்நூறு செய்யத் திட்டம் போட்டு, விற்காமல் 106ஓடு நின்ற கார் அது. அன்று விற்காமல் போனதுதான் இன்றைய சொத்து. 2021இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் ஓர் எஃப்1 2 கோடி டாலருக்கு மேல் போனது. பிறந்ததிலிருந்து அது ஓடிய மொத்தத் தூரம் 390 கிலோமீட்டர். அதாவது, கால் நூற்றாண்டில் ஓடியதை அது நினைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் ஓடி முடித்திருக்கலாம். உலகின் மிக வேகமான காராக இருந்து அது சம்பாதித்தது முழுக்க நின்றபடியே சம்பாதித்தது.

இன்னும் கூர்மையான ஆள் ஒருவர் பிஎம்டபிள்யூ எம்5-ஐக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார். 2005இல் வந்த அந்த எம்5-இல் ஐந்து லிட்டர் வி10 எஞ்சின். 507 குதிரைத்திறன், எட்டாயிரம் சுற்றைத் தாண்டிக் கத்தும். அதற்கு முன்னும் பின்னும் எந்த எம்5-க்கும் வி10 கிடையாது. மிஞ்ச முடியாதது விலை போகும் என்றால் இது ஏன் வருஷக்கணக்கில் சாதாரணப் புதுக் கார் விலைக்குக் கிடைத்தது? இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள் என்பது பாதி பதில். மீதிப் பதில் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. அந்த எஞ்சினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சீக்கிரம் தேயும். கவனிக்காவிட்டால் எஞ்சினே போகும். த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். கிளட்ச் தானாக இயங்கும் எஸ்எம்ஜி கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் போனால் கார் அசையாது. காரின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கினாலும் பில் இறங்காது. அது பிறந்தநாள் விலையிலேயே நிற்கும். யானையை இனாமாகக் கொடுத்தாலும் கரும்பு வியாபாரி தள்ளுபடி தரமாட்டார். சகாயமாகக் கிடைத்ததென்று எம்5 வாங்குகிறவர் வாங்குவது காரை அல்ல, முதல் உரிமையாளர் நாசூக்காகத் தவிர்த்துவிட்டுப் போன பில்லை. சந்தைக்கு இது தெரியும்; பில்லைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்கிறது.

சரி, குறைவாகச் செய்துவிட்டால் போதுமே என்றால், அதற்கும் பதில் இருக்கிறது: ஜாகுவார் எக்ஸ்ஜே220. 1988இல் பர்மிங்காம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்றெல்லாம் சொன்னார்கள். 350க்கு மேல் செய்ய மாட்டோம் என்று உறுதி. 50,000 பவுண்டு முன்பணம். வாங்கி ஓட்ட நினைத்தவர்களைவிட வாங்கி விற்க நினைத்தவர்கள் அதிகம் பேர் வரிசையில் நின்றார்கள். 1992இல் கையில் வந்தபோது வி12 போய் வி6 டர்போ. நான்கு சக்கர இயக்கம் போய்ப் பின்சக்கர இயக்கம். அதற்குள் பொருளாதாரமும் படுத்துவிட்டது. பலர் காரை எடுக்க மறுத்து விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் முந்நூறு கூடச் செய்யவில்லை, குறைவுக்குக் குறைவில்லை. அப்படியும் விலை நிற்கவில்லை. கையில் எஞ்சி நின்றது ஒன்றே ஒன்று: மணிக்கு 341 கிலோமீட்டர், உலகிலேயே வேகமான கார் என்ற பட்டம். மறு ஆண்டு அதையும் மெக்லாரன் எஃப்1 பறித்துக்கொண்டது. எண்ணை மட்டும் நம்பி நிற்கும் கார் எவ்வளவு அரிதாக இருந்தாலும் எண் போனால் போச்சு.

இவ்வளவும் பேசியபின் ஒருவர் சாவகாசமாகச் சொல்வார்: 'அவர்கள் பணக்காரர்கள், அவர்களுக்கு இதெல்லாம் ஒரு கவலையா?' கவலைதான், நம்மைவிட அதிகமாகவே. ஃபோர்டு ஜிடி வாங்குகிறவர்கள் இரண்டு ஆண்டு விற்கக் கூடாது என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சீக்கிரமே விற்றுவிட்டார் என்று ஃபோர்டு 2017இல் அவர்மேல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு சமரசம் ஆனது. கார் கம்பெனிக்கு வாடிக்கையாளர்மேல் வரும் கோபங்களில் இது ஒரு தனி ரகம்: ஓட்டித் தொலையப்பா என்று வழக்கு. ஆசைப்பட்டுச் சேர்த்த ஆடம்பரங்களின் கதி இதைவிட மோசம். கார்பன் ஃபைபரில் ஒரு துண்டு, இருக்கைத் தையலுக்கு எலுமிச்சை நிற நூல், இன்னும் என்னென்னவோ என்று முதலில் வாங்கியவர் ஆயிரக்கணக்கில் கட்டியிருப்பார். வாங்க வருகிறவர் அந்த நூலுக்கு ஒரு காசு கூடத் தரமாட்டார், நிறம் பிடிக்கவில்லை என்று குறைத்தும் கேட்பார்.

இப்போது இந்த எண் பந்தயத்தை மின்சாரம் ஒரேயடியாக முடித்துவைத்துவிட்டது. குரோஷியாவின் ரிமாக் நெவேராவுக்கு 1,914 குதிரைத்திறன். இரண்டு விநாடிக்குள் நூறுக்குப் பக்கத்தில் போய்விடும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மொத்தமே 150 கார்கள்தான் என்றார்கள். எண்ணுக்குத்தான் விலை என்றால் ஜனம் அடித்துப் பிடித்து வாங்கியிருக்க வேண்டும். ஆனால் கோடீசுவரர்களின் நாட்டம் மின்சாரத்தைவிட்டு எஞ்சின் பக்கமே திரும்பிவிட்டது என்று அதைச் செய்த மாட்டே ரிமாக்கே 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். புகாட்டி இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. அதே ஆண்டு புகாட்டியின் அடுத்த காராக அவர் திரை விலக்கிக் காட்டிய டூர்பியோனில் மின்மோட்டார்கள் இருக்கின்றன. கூடவே டர்போ இல்லாத 8.3 லிட்டர் வி16 எஞ்சினும் இருக்கிறது. வேகம் காட்டும் முள்ளைச் சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரக்காரர்கள் பல்சக்கரம் வைத்துச் செய்கிறார்கள். இத்தனை வேகமான மின்சாரக் காரைச் செய்தவர் அடுத்த காருக்கு வாட்ச்காரரிடம் போயிருக்கிறார். செகண்ட் ஹேண்ட் சந்தையை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.