நட்பு முறியாமல் டோக்கியோவில் சுஷி சாப்பிடுவது எப்படி?

முதலில் கூட்டாளிகளைச் சேருங்கள். மணிவாரியாக எக்ஸெல் ஷீட் போடுகிறவர் ஒருவர், அதைத் திறந்தே பார்க்காதவர் ஒருவர், 'முட்டை மட்டும் சாப்பிடுவேன்' என்கிற சைவர் ஒருவர், எல்லோரும் செருப்பு மாட்டியபின் குளிக்கப் போகிறவர் ஒருவர். கடைசி ஆளைத் தேட வேண்டியதில்லை. தானாக வந்து சேருவார்.

விடிகாலை டூனா ஏலம் பார்த்தே தீருவது என்று முந்தின இரவு சபதம் எடுங்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு எழுந்து ட்சுகிஜிக்குப் போங்கள். மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரிலேயே டொயோசுவுக்குப் போய்விட்டது, ஏலமும் அங்கேதான். சீக்கிரம் எழுந்திருந்தாலும் தப்பான இடத்தில்தான் நின்றிருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வெளிச்சந்தைக் கடைகள் ட்சுகிஜியிலேயே இருக்கின்றன. குச்சியில் செருகிய முட்டை ரோலை வாங்கிக் கடைவாசலிலேயே நின்று தின்னுங்கள். நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை. குச்சியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அபூர்வம். அந்த முட்டையில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். அதைச் சைவ நண்பரிடம் முதல் கடிக்கு முன் சொல்வதா, பின் சொல்வதா என்பது நட்பின் ஆழத்தைப் பொறுத்தது.

அசகுசாவில் சென்சோஜி கோயில். பெரிய சிவப்பு விளக்கின் கீழ் படம் எடுக்க அரை மணி ஒதுக்குங்கள். ஒரு மணி ஆகும். 100 யென் போட்டுத் தகர டப்பாவைக் குலுக்கினால் எண் போட்ட குச்சி விழும். அந்த எண்ணுள்ள இழுப்பறையில் உங்கள் பலன் எழுதிய சீட்டு இருக்கும். கெட்ட பலன் வருவது இந்தக் கோயிலில் சகஜம். சீட்டைக் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். எக்ஸெல் ஷீட்டையும் சேர்த்துக் கட்டலாமா என்று உரியவர் காதுபடக் கேட்காதீர்கள்.

ஷிபுயாவில் கூட்டத்தில் பிரிந்தால் ஹச்சிகோ நாய்ச் சிலையருகே சந்திப்பதாகப் பேசிவைக்காதீர்கள். அங்கே நிற்பவர்கள் அத்தனை பேரும் யாரிடமோ அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

இனி சுஷி. தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடைக்கே போங்கள். பீர் தொழிற்சாலையின் பெல்ட்டைப் பார்த்து ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் 1958இல் ஒசாகா பக்கம் தொடங்கிவைத்தது இது. மேசையோரம் கறுப்புப் பொத்தானோடு ஒரு குழாய் இருக்கும். உட்கார்ந்ததும் கையை நீட்டிவிடாதீர்கள். கைகழுவ வைத்ததில்லை, டீக்கான கொதிநீர். கோப்பையில் பச்சைத் தூளைப் போட்டு, கோப்பை விளிம்பால் பொத்தானை அழுத்த வேண்டும்.

சாப்பிடும் குச்சிகளைப் பிடிக்கத் தெரியாவிட்டால் கூச்சம் வேண்டாம். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அங்கே முறைதான். நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனால் பிசையாதீர்கள். கவிழ்த்துப் பிடித்து மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் தொட்டு, ஒரே வாயில் போடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்து சாஸில் மிதக்கும். வசாபியைப் புதினாத் துவையல் என்று நண்பருக்குப் பரிமாறுவது பழைய குறும்பு. காரம் நாக்கில் நிற்காது, நேரே மூக்கில் ஏறும். குச்சிக்குக் குச்சி மீனைக் கைமாற்ற மட்டும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

சைவருக்கு வெள்ளரி ரோல் சொல்லுங்கள். பிறகு இன்னொரு வெள்ளரி ரோல் சொல்லுங்கள்.

காலித் தட்டுகளை அடுக்கியே வையுங்கள்; பல கடைகளில் தட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் பில் போடுகிறார்கள். 'எனக்குப் பசியே இல்லை' என்று உட்கார்ந்தவரின் அடுக்குக்குப் பின்னால் அவர் முகமே தெரியாது. 'சமமாப் பிரிச்சுக்கலாமே' என்ற குரல் அந்த அடுக்குக்குப் பின்னாலிருந்துதான் வரும். சைவரின் கண்ணைப் பார்க்காமல் இன்னொரு கோப்பை டீ பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது.