முதற்பிரதியும் கடித உறையும்: ஆனையிறவுக்குத் தெற்கே நூல் வெளியீட்டியல்

ஈழத்துத் தமிழ் நூல்களைப் பற்றிய ஆய்வேடுகள் அடுக்கடுக்காக வந்துவிட்டன. பாத்திரப் படைப்பு, பேச்சுவழக்கு, மண்வாசனை, பின்காலனியம் என்று எதையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் வெளியீட்டு விழாவுக்குப் போகிறவர் வீட்டிலேயே காசை வைத்து, ஒட்டி, பெயரெழுதி, சட்டைப்பையில் செருகிக்கொண்டு புறப்படுகிற அந்த வெள்ளைக் கடித உறை மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை. அச்சகக் கணக்கு தீருமா, ஆசிரியரின் அடுத்த நூல் வெளிவருமா என்பதைத் தீர்மானிப்பது இந்த உறைதான். பாத்திரப் படைப்புக்கு அதில் பெரிய பங்கில்லை. ஆகவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் ஆனையிறவு. காரணம் புவியியல். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் கோக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் உப்பளமும் கடனீரேரியும் இருக்க, நடுவே ஏ-9 வீதியும் ரயில் பாதையும் போகின்றன. பரந்தனிலோ முரசுமோட்டையிலோ விசுவமடுவிலோ எழுதப்படும் கையெழுத்துப் பிரதி யாழ்ப்பாணத்து அச்சகமொன்றை நோக்கிப் புறப்பட்டால் பெரும்பாலும் இந்த வழியேதான் வடக்கே போகும். பிழை பார்க்கும் படிகள் தெற்கே வரும், திருத்தங்களோடு மறுபடி வடக்கே போகும், கடைசியில் முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் காட்போட் பெட்டிகளாகி பஸ்ஸின் பின்சீட்டுக்கு அடியில் தெற்கே வந்து சேரும். இப்போது படிகள் வட்ஸ்அப்பில் போய்வருகின்றன என்பது உண்மைதான். பெட்டியை வட்ஸ்அப்பில் அனுப்ப வழியில்லை. நூல் ஒன்று வாசகரைக் காண முன்பே இத்தனை தடவை உப்புக்காற்று வாங்குவது வேறெங்கும் உண்டா என்பதை ஒப்பியல் அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

காற்று மட்டும் வாங்கிய காலம் நல்ல காலம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஆனையிறவு இராணுவ முகாமாக அடைபட்டுக் கிடந்தபோது, குடாநாட்டுக்கும் வன்னிக்குமான போக்குவரத்து கிளாலிக் கடனீரேரியில் இரவுப் படகுகளில் நடந்தது. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காமல், யாழ்ப்பாணத்து நாளேடு கோடிட்ட கொப்பித் தாளில் வெளிவந்ததும் அந்தத் தசாப்தத்தில்தான். 2002 போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியது. போருக்குப் பின் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கியது 2014 ஒக்ரோபரில். இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றை ‘அரசியற் பின்னணி’ என்ற தலைப்பில் போடும். நூலாசிரியரைக் கேட்டால் ‘பெட்டி வந்த கதை’ என்று போடுவார்.

இனி ஆய்வுப்பொருளுக்கு வருவோம். வன்னி நூலாசிரியர் என்பவர் யார்? எழுதுபவர், தட்டச்சுக்குக் கொடுப்பவர், பிழை பார்ப்பவர், முதல் போடுபவர், பதிப்பாளர், விநியோகத்தர் ஆகிய அறுவரும் சேர்ந்த ஒருவர். அவருடைய மெய்யான தொழில் ஏழாவதாக வேறொன்று இருக்கும்: ஆசிரியர், ஓய்வுநிலை அதிபர், பிரதேச செயலக உத்தியோகத்தர், வயல்காரர். நூலின் இரண்டாம் பக்கத்துப் பதிப்பு விபரத்தைப் பார்த்தால் இது விளங்கும். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்றிருக்கும். வெளியீடு என்ற இடத்தில் ஒரு பதிப்பகத்தின் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் மூத்த மகளின் பெயர். அந்தப் பதிப்பகத்தின் முகவரி அவருடைய வீட்டு முகவரி. கொழும்பிலுள்ள தேசிய நூலகம் தரும் சர்வதேசத் தர நூல் எண் மட்டும் வெளியிலிருந்து வருவது. முன்பு 955 என்று தொடங்கிய இலங்கை எண்கள் இப்போது 624 என்றும் தொடங்குகின்றன.

பதிப்பு விபரத்துக்கும் முதல் அத்தியாயத்துக்கும் இடையில் கிடக்கும் நிலப்பரப்பு தனி ஆய்வுக்குரியது. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, பதிப்புரை, என்னுரை என்று நீளும் இந்தப் பகுதியை வாசகர் தாண்டிவிடுகிறார், விமர்சகர் கேலி செய்கிறார். இருவருக்கும் வெளியீட்டியல் தெரியாது. வாழ்த்துரை எழுதியவர் விழாவுக்கு வந்தே தீருவார். தன் நிழற்படம் அச்சான பக்கத்தை அவர் பார்க்க வேண்டாமா? வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார். ஆக ஓர் அணிந்துரை என்பது ஒரு பேச்சாளர், ஒரு வாகனம், ஓர் உறை. இதை ‘அணிந்துரைப் பெருக்க விதி’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது.

நூலுக்குக் காசு தேடும் இந்தக் கலை நேற்று வந்ததல்ல. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது பட்ட பாட்டைத் தம் பதிப்புரைகளிலேயே கொட்டித் தீர்த்தார். எல்லோரையும் விடத் துணிந்தவர் பாரதி. 1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி போடத் திட்டமிட்டு நண்பர்களிடம் கடன் கேட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட வேகமாக அவை விற்றுவிடும் என்பது அவருடைய கணிப்பு. நான்கு லட்சம் பிரதிகள்! அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார், கடன் கொடுப்பாரும் வந்திருக்கவில்லை. முந்நூறு பிரதி போட்டு நூறு உறை பெறும் இன்றைய வன்னி ஆசிரியர், சந்தைப்படுத்தலில் பாரதியை வென்றவர் என்று சொல்லத் தடையில்லை.

உறையே தேவைப்படாத ஒரு பொற்காலமும் இருந்தது. எழுபதுகளில் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வீரகேசரி நாளேட்டின் பிரசுரப் பிரிவான வீரகேசரிப் பிரசுரம் களத்தில் இறங்கியது. பத்திரிகை போன வழியெல்லாம் நாவலும் போனது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘காட்டாறு’, பரந்தனிலிருந்து எழுதிய தாமரைச்செல்வியின் ‘சுமைகள்’ என வன்னி மண்ணின் எழுத்து அப்போது நாடெங்கும் போயிற்று. அந்த எழுத்தாளர்கள் எழுதினார்கள்; வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, இந்திய இதழ்கள் மறுபடி கப்பலேறி வந்தன. அதோடு அந்தக் கதை ஓய்ந்தது.

டொமினிக் ஜீவா உறை, பதிப்பகம் என்ற இரு வழியிலும் அடங்காதவர். சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியின் ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்தியவர். 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யைத் தோளில் தொங்கும் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஆளைப் பிடித்து நிறுத்தி, கையில் கொடுத்துக் காசு வாங்கினார். அப்படியே நானூறு இதழ் தாண்டினார். அவரைப் போல நடக்கக் கால் இல்லாத மற்றவர்களுக்கு விழாதான் வழி.

விழாவின் உடற்கூறு வருமாறு. கிழமை ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி என்று அழைப்பிதழில் இருக்கும், நான்குக்குத் தொடங்கும். இடம் கிளிநொச்சி கூட்டுறவாளர் மண்டபம் போன்ற ஒன்று. மாதம் ஓகஸ்டாக இருந்தால் உத்தமம்: பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து நிற்கும் உறவினர். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை முடிந்தபின் நூல் வெளியே வரும். இங்கேதான் விழாவின் உயிர்நிலை: முதற்பிரதி.

“முதற்பிரதிக்கு ஆரைப் பிடிப்பம்?” என்ற கேள்வி, நூலுக்கு என்ன தலைப்பு வைப்பது என்ற கேள்வியை விட நீண்ட ஆலோசனைக்குரியது. முதற்பிரதி பெறுபவர் நூலை வாசிக்கும் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அவர் அரிசி ஆலை வைத்திருக்கலாம், கட்டடப் பொருள் விற்கலாம். கொழும்பில் இந்தப் பதவியைப் பல்லாண்டாக அழகுசெய்தவர் புரவலர் ஹாசிம் உமர். எண்ணற்ற தமிழ் நூல்களின் முதற்பிரதியைப் பெற்றவர் அவர். அதோடு நில்லாமல், ஒரு நூலும் வெளியிடாத எழுத்தாளர்களின் முதல் நூலை அச்சிட்டுக் கொடுக்க ‘புரவலர் புத்தகப் பூங்கா’ என்ற அமைப்பையும் நடத்தினார். வன்னிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாக ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. முதற்பிரதி கிடைக்காத மற்றப் பெரியவர்களுக்குச் ‘சிறப்புப் பிரதி’ என்றொரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலின் நீளத்துக்கு இலக்கணம் எல்லை வகுக்கவில்லை.

சிறப்புப் பிரதி முடிந்ததும் சபையினர் வரிசையாக எழுந்து வந்து, உறையைக் கொடுத்து நூலைப் பெறுவார்கள். அட்டையில் விலை அச்சிட்டிருக்கும். அதற்கும் உறைக்குள் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. கூட இருக்கலாம், குறையவும் இருக்கலாம், மிச்சக்காசு கேட்டவர் எவரும் இல்லை. இரவு வீட்டில் உறைகள் பிரிக்கப்பட்டு, பெயரும் தொகையும் ஒரு கொப்பியில் ஏறும். சாமத்தியவீட்டு மொய்க் கொப்பியைப் போலவே இதுவும் பத்திரமாக வைக்கப்படும், ஏனெனில் உறை தந்தவர்களிற் பலர் தாமும் எழுதுபவர்கள். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் புகழ்பெற்ற ஆய்வில், கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்ற மூன்று கடமைகளால் ஆனது என்று நிறுவினார். அதற்காகப் பசிபிக் தீவுகளையும் வடமேற்கு அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றிய குறிப்புகளைப் புரட்டியிருக்கிறார். கிளிநொச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதியதாக இருந்திருக்கும்.

நூலைப் பெற்றவர்கள் நழுவத் தொடங்குவார்கள். மதிப்பீட்டுரை அப்போதுதான் ஆரம்பமாகும். முதல்நாள் மாலை நூல் கைக்கு வந்த மதிப்பீட்டாளர், நாவலின் தோற்றத்தை ஐரோப்பாவில் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் மெல்ல இலங்கை வந்து சேர்ந்து, “நேரம் போதாமையால்” என்று அமர்வார். ஏற்புரைக்கு ஆசிரியர் எழும்போது முன்வரிசையில் பேச்சாளர்களும் பின்வரிசையில் ஒலிபெருக்கிக்காரரும் மிஞ்சியிருப்பார்கள். அனுபவசாலிகள் வடையையும் தேநீரையும் நன்றியுரைக்குப் பின்னால் வைப்பது இதனால்தான்.

விழாவுக்கு மறுநாளோடு சந்தைப்படுத்தல் முடிந்தது. எஞ்சிய கட்டுகள் கட்டிலுக்குக் கீழே போகும். “கூட்டேலாமக் கிடக்கு” என்ற வீட்டுக் குரலும் அன்றே தொடங்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1849இல் சொந்தச் செலவில் போட்ட முதல் நூலின் ஆயிரம் பிரதிகளில் 706 அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன, அவரும் முதுகில் சுமந்து மாடியேற்றினார். வடமாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் நூற்கொள்வனவுக்கு விண்ணப்பிக்கும் வசதி தோரோவுக்கு இருக்கவில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்குப் பத்துப் பிரதி தள்ளிவிடவும் அவருக்கு ஒரு அதிபரைத் தெரிந்திருக்கவில்லை.

இங்கே போட்டியாளர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். இப்பிரதேசத்தில் அச்சான பிரதிகள் எல்லாம் ஒரே நாளில் முடிந்துபோகிற நூல் வகை ஒன்று உண்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வரும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு மலர் அது. பஞ்சபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அடங்கிய அதற்கு விலை இல்லை, மதிப்பீட்டுரை இல்லை. ஆசிரியரின் பெயர்கூடப் பெரும்பாலும் இல்லை. வருகிற எல்லோரும் கட்டாயம் கொண்டுபோகிறார்கள், அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் பந்தியில் இடம் வரும்வரை இருந்து வாசிக்கவும் செய்கிறார்கள். ஒரு நாவலாசிரியர் பொறாமைப்பட வேண்டிய வாசிப்பு.

உறைமுறையைக் கேலி செய்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2008, 2009 இடப்பெயர்வுகளில் வன்னியில் வீடுகளோடு கட்டிலுக்குக் கீழ்க் கட்டுகளும் போயின, வாசிகசாலைகளும் போயின. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போயிருந்த பிரதிகளும், உறை கொடுத்த மாமா சூட்கேசில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோன பிரதிகளும் தப்பின. இரண்டாம் பதிப்புக்கு மூலம் தேடி அலைகிற ஆசிரியர், அந்த மாமாவுக்குத்தான் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இலவசமாகத் தரும் நூலகம் நிறுவனத்தின் சேகரத்திலும், யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் வாசிக்கப்படாமல் கிடந்த பிரதிகளுக்குப் பெரும் பங்குண்டு. வாசித்துத் தேய்ந்த பிரதியை விட, உறை கொடுத்து வாங்கித் திறக்காமல் வைத்த பிரதி ஸ்கான் எடுக்கத் தோதானது என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

எனவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு அழைப்பிதழ் வந்தால் போய்வாருங்கள். உறைக்குள் வைப்பது அட்டை விலைக்குக் குறையாமல் இருக்கட்டும், உறையின் மேல் பெயரை விளங்கும் எழுத்தில் எழுதுங்கள், ஏற்புரை முடியும்வரை இருங்கள். கட்டாயமாக இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஆனையிறவுக்கு அப்பால் இருக்கும் யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.