‘ஏதாவது ஒண்ணு’: சமநோக்கு குறித்த ஓர் ஆய்வு

“ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?” என்ற வினாவுக்குத் தமிழ் இல்லங்களில் வழங்கும் விடைகளுள் தலையாயது, “ஏதாவது ஒண்ணு பண்ணு.” மேம்போக்காகக் கேட்பவர் இதை விருப்பு வெறுப்பற்ற துறவியின் வாக்கு என மயங்குவர். அம்மயக்கம் களைதல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணம். நன்னூலில் பவணந்தியார் விடையை எட்டு வகையாக்கினார். “இதைச் செய்வாயா?” என்றவரிடமே “நீயே செய்” என்று திருப்பித் தள்ளுவது அவற்றுள் ஏவல் விடை. நம் வாக்கியமும் “பண்ணு” என்றே முடிவதைக் காண்க. உள்ளே துறவு இருக்கலாம். வெளியே இருப்பது கட்டளை.

அடுத்துப் பொருளாதாரம். நான்கு தோசையும் இரண்டு சப்பாத்தியும் ஒருவருக்குச் சம திருப்தி தருமாயின், இரண்டும் ஒரே ‘சமநோக்கு வளைகோட்டில்’ கிடக்கும் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இக்கருத்தை 1881இல் நூலில் வைத்தவர் எட்ஜ்வொர்த். அவர் கடைசிவரை மணம் புரியாதவர். ராத்திரிக்கு என்ன என்று கேட்க ஆளில்லாத வீட்டில்தான் இவ்வளவு தெளிவான கோட்பாடு பிறக்கும். சமநோக்கு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளா என்பது பாடநூல் விதி. ஒருவருக்கு மேற்பட்டோர் வாழும் வீட்டுக்கு அது பொருந்தாது.

இனிச் சோதனை. “ஏதாவது ஒண்ணு” என்றவர் முன் உப்புமாவை வைக்கவும். (ரவை உப்புமாவே போதும், சேமியா வரை போவது ஆய்வு அறமன்று.) “உப்புமாவா?” என்ற வினா எழும். தட்டில் இருப்பது இன்னதெனத் தெரிந்தே கேட்பதால் இது அறிவினா. ஆசிரியர்கள் மாணவனிடம் கேட்பது இவ்வகைதான். கேட்கும் தொனியும் அதுவே. ஆக, ‘ஏதாவது’ என்ற தொகுதியில் உப்புமா ஒருநாளும் உறுப்பினராய் இருந்ததில்லை. எவை உறுப்பினர் என்பதைச் சமைப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். யோசிக்கும் வேலை ஒருவருக்கு. யோசித்து வந்ததை முகம் சுளித்துத் தள்ளும் உரிமை இன்னொருவருக்கு. இரண்டு வைக்கோல் போருக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் பட்டினி கிடந்து செத்ததாகச் சொல்லப்படும் பூரிடானின் கழுதைக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. அதற்குச் சமைத்துப்போட ஆளில்லை.

இவ்வாக்கியத்தின் முதிர்ந்த வடிவம் அடுக்களையில் இல்லை, பெண் பார்க்கும் கூடத்தில் இருக்கிறது. “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.” பவுன், கார், ரொக்கம் எதுவும் இதில் இல்லை. எழுவாய் முழுக்க எதிர்த்தரப்பு. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நேரடியாகக் கேட்பதோடு மறைமுகமாகக் கேட்பதையும் குற்றமாக்குகிறது. சட்டம் வரைந்தவர்களுள் யாரோ ஒருவர் இப்படி ஒரு கூடத்தில், கையில் கேசரித் தட்டோடு, உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம். பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, உள்ளே திரும்புமுன் மைத்துனரைத் தனியே அழைத்துக் கேட்பார்: “மாப்ளே, இன்னிக்குப் பவுன் என்ன விலை?”